பூத்தையலும் பொறியும்

பள்ளி மாணவர் சட்டைப் பையின் மேல் பள்ளியின் சின்னம் தைக்கப்பட்டிருப்பது யாவரும் கண்ட காட்சியே. அதே சின்னம் பள்ளியின் கடிதத் தாளிலும் அச்சாகியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் சில வேளைகளில் ஒரு வேறுபாடு புலப்படும். தாளில் ணகரத்தின் சுழிகள் திருத்தமாக விளங்கும். துணியிலோ சுழிகள் அடைபட்டு, எழுத்து ஒரு நூல் முடிச்சுப் போலத் தோன்றும். வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகியிருக்கும். படம் ஒன்றே, தைத்ததோ களைப்பறியாத பொறி. அங்ஙனமாயின் பிழை எங்கே நேர்ந்தது?

இவ்வினாவுக்கு விடை தேடுவது பொறிப் பூத்தையலின் வரலாற்றையே அறிவதாகும். எம்பிராய்டரி என்று கடைத்தெருவில் வழங்கும் பூத்தையலைச் செய்யும் பொறி, படத்தைப் பார்ப்பதில்லை. ஊசி முதலில் எங்கே இறங்க வேண்டும், அடுத்து எங்கே இறங்க வேண்டும், எவ்விடத்தில் நூலை அறுக்க வேண்டும் என்னும் ஆணைகளின் வரிசையை மட்டுமே அது அறியும். படத்தை அவ்வரிசையாக மாற்றித் தருபவர் ஒருவர் உண்டு. சின்னம் சிறப்பதும் சிதைவதும் அவர் அறிவைப் பொறுத்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகளாகப் பொறி வளர்ந்த வகை யாதெனின், தைப்பவர் கையிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் பொறிக்கு மாறியதே ஆகும். எஞ்சி நின்ற அந்த ஓர் அறிவையும் இப்பொழுது கணிப்பொறி தன்பால் ஏற்க முற்பட்டிருக்கிறது. அதனால் விளையும் ஆதாயமும் இழப்பும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

ஆறு மடங்குப் படம்

பிரான்சு நாட்டின் மூலூஸ் நகரில் வாழ்ந்த ஜொசுவே ஹைல்மன் என்பவர் 1828-ஆம் ஆண்டையொட்டிப் பூத்தையலுக்கென ஒரு பொறியை அமைத்தார். அது கையின் செயலை அப்படியே பின்பற்றியது. அதன் ஊசிக்கு இரு முனைகளும் கூர்மை. காது நடுவில் இருக்கும். நிமிர்த்திக் கட்டிய துணியினூடே ஊசி செல்லும். பின்புறத்தில் ஓர் இடுக்கி அதனைப் பற்றி நூலை இழுக்கும். பிறகு ஊசி மறுமுனையால் துணியைத் துளைத்து முன்புறம் திரும்பும். பல ஊசிகள் ஒரே வேளையில் இவ்வாறு இயங்கியதால், ஒரு பூவைத் தைக்கும் நேரத்தில் அதே பூ வரிசை வரிசையாகப் பல இடங்களில் மலர்ந்தது.

பொறிக்குப் படத்தைச் சொல்லிக் கொடுத்தது பாண்டோகிராப் என்னும் இணைகரச் சட்டம். பூவின் படத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து பலகையில் மாட்டுவர். அப்படத்தில் ஒவ்வொரு தையலும் ஒரு கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். தைப்பவர் இடக்கையால் சட்டத்தின் முனையைக் கோட்டின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துவார். துணி அதில் ஆறில் ஒரு பங்கு நகரும். வலக்கை சக்கரத்தைச் சுற்றும். கால்கள் மிதியை மிதித்து இடுக்கிகளைத் திறந்து மூடும். ஒரு கோடு பிசகினால் அத்தனை பூக்களிலும் அப்பிசகு தோன்றும். ஆகவே, ஊசி பிடிக்கும் வேலை கையை விட்டு நீங்கினாலும், ஒவ்வொரு தையலையும் அளந்து வைக்கும் வேலை கையிலேயே நின்றது.

இப்பொறி சுவிட்சர்லாந்தின் கிழக்கே செயின்ட் காலன் வட்டாரத்தில் 1850-களில் செப்பமுற்றுப் பரவியது. உழவர் வீடுகளிலும் பொறிகள் நிறுவப்பட்டன. நூல் குறுகியதாகையால் அடிக்கடி தீரும்; நூற்றுக்கணக்கான ஊசிகளில் மீண்டும் மீண்டும் நூல் கோக்க வேண்டும். அவ்வேலை பெண்டிர் மீதும் சிறார் மீதும் விழுந்தது. 1877-இல் நிறைவேறிய சுவிட்சர்லாந்தின் தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை ஆலை வேலையில் அமர்த்துவதைத் தடுத்தது. ஆனால் வீட்டில் நடந்த தொழில் அச்சட்டத்துக்குப் புறம்பாக நின்றது. பள்ளிக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் குழந்தைகள் ஊசிக் காதைப் பார்த்துக் கண் களைத்தனர். ஐரோப்பியச் சீமாட்டியரின் ஆடையோரத்தில் விளங்கிய வெண்பூக்களுக்குப் பின்னே இக்குழந்தைகளின் உழைப்பு மறைந்திருந்தது.

சிறு படகும் துளை அட்டையும்

நூல் கோக்கும் இடரைப் பெரிதும் நீக்கியவர் ஐசாக் குரோப்ளி. தையல் இயந்திரத்தில் ஊசியின் காது கூர்முனைக்கருகே இருப்பதையும், துணியின் மறுபுறத்தில் இரண்டாவது நூல் வந்து கொக்கி கொள்வதையும் கண்ட அவர், அம்முறையைப் பூத்தையலுக்குப் பொருத்தி 1863-இல் ஒரு பொறியை உருவாக்கினார். நூல் இனிக் கண்டிலிருந்து அறாமல் வந்தது. பின்னூலைத் தாங்கும் ஓடம் சிறு படகு போன்ற வடிவினது. ஆகவே அந்நாட்டுப் பேச்சு வழக்கில் சிறு படகு எனப் பொருள்படும் ஷிப்லி என்னும் சொல்லே பொறிக்குப் பெயராயிற்று.

அவர் மகன் ஜோசப் அர்னால்டு குரோப்ளி 1898-இல் அடுத்த படியைக் கடந்தார். பட்டு நெசவில் ஜக்கார்டு முறைப்படி துளை அட்டைகள் தறியை நடத்தியது போலவே, பூத்தையற் பொறியையும் துளைகளால் நடத்த அவர் வழி கண்டார். துளை வரிசை சட்டத்தை நகர்த்தியது. பாண்டோகிராப் முன் அமர்ந்த ஆளுக்கு அங்கு வேலையில்லாது போயிற்று. அவருக்கு மாறாகப் புதியவர் ஒருவர் வந்தார். ஆறு மடங்குப் படத்தை ஒரே ஒரு முறை தடவிச் சென்று, அதனை அட்டையில் துளைகளாகப் பதிப்பவர் அவர். அவருடைய தொழிலுக்குத் துளையிடுதல் என்னும் பொருளில் பஞ்சிங் என்று பெயர் வழங்கியது. துளையட்டை மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், கணிப்பொறியில் பூ வடிவம் அமைப்பதைத் தொழிலாளர் இன்றும் பஞ்சிங் என்றே சொல்வர். பொருள் மறைந்த பின்னும் சொல் வாழ்வதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

1910-ஆம் ஆண்டளவில் பூத்தையல் சுவிட்சர்லாந்தின் ஏற்றுமதிகளுள் முதலிடம் பெற்றது. உலகப் பூத்தையலில் ஏறத்தாழப் பாதி செயின்ட் காலன் வட்டாரத்திலிருந்தே சென்றது. முதல் உலகப் போரும், அதன்பின் எளிய ஆடையை விரும்பிய நாகரிகமும் அவ்வாழ்வைக் கவிழ்த்தன. 1920-களில், மிகுந்து கிடந்த பொறிகளை உடைப்பதற்கே உதவித் தொகை வழங்க வேண்டிய நிலை நேர்ந்தது. பொறியொன்றையே நம்பி ஒரு வட்டாரம் முழுதும் வாழ்வதில் உள்ள இடர் இதனால் புலனாகும்.

தராசுக் கணக்கு

போருக்குப் பின் இத்தொழிலின் தலைமை மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. ஜப்பானின் நகோயா நகரத்து டஜிமா நிறுவனம் 1964-இல் பல தலைகள் கொண்ட தானியங்கிப் பூத்தையற் பொறியை உருவாக்கியது. ஒவ்வொரு தலையும் ஒரு தையல் இயந்திரம் போன்றது. எல்லாத் தலைகளும் ஒரே ஆணைக்கு ஒருங்கே இயங்கும். ஆணை அக்காலத்தில் துளையிட்ட காகித நாடாவில் வந்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் வில்காம் நிறுவனம் கணிப்பொறித் திரையில் பூ வடிவம் அமைக்கும் முறையை வெளியிட்டது. 1990-இல் ஜப்பானின் ஜனோமே நிறுவனம் வீட்டுப் பயனுக்கான கணிப்பொறிப் பூத்தையல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆலைக்குரியதாக இருந்த திறன் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

நாடா போயிற்று, அதன் மரபு போகவில்லை. இன்றும் பெருவழக்காயுள்ள டி.எஸ்.டி. என்னும் கோப்பு வகையை ஆராய்ந்தால் இது விளங்கும். அதில் ஒரு தையலுக்கு மூன்று பைட்டுகள். அவை ஊசி நிற்குமிடத்திலிருந்து எவ்வளவு வலமோ இடமோ, மேலோ கீழோ செல்ல வேண்டும் என்பதைக் கூறும். அளவையின் அலகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எண்ணைக் குறிக்கும் முறையோ வியப்புக்குரியது. 1, 3, 9, 27, 81 என்னும் ஐந்து எடைகளை மட்டும் வைத்திருக்கும் கடைக்காரரை நினைத்துக் கொள்க. எடைக்கல்லைத் தராசின் இரு தட்டுகளில் எதிலும் வைக்கலாம் எனின், 1 முதல் 121 வரை எந்த எடையையும் அவர் நிறுத்து விடுவார். 5 வேண்டுமாயின் 9 ஒரு தட்டிலும், 3-உம் 1-உம் சரக்கிருக்கும் தட்டிலும் வைத்தால் போதும். டி.எஸ்.டி. கோப்பு இவ்வாறே கணக்கிடுகிறது. ஐந்து எடைகளின் கூட்டுத்தொகை 121. எனவே ஒரே ஆணையில் ஊசி ஒரு திசையில் செல்லக்கூடிய மிகப் பெரும் தொலைவு 12.1 மில்லிமீட்டர், அதற்கு மேற்பட்டால் இரண்டு மூன்று தாவல்களாகப் பிரிக்க வேண்டும்.

இக்கோப்பில் நிறத்தின் பெயர் இல்லை. இங்கே நின்று நூலை மாற்றுக என்னும் ஆணை மட்டுமே உண்டு. சிவப்பா நீலமா என்பதைத் தனியே எழுதிய சீட்டுத்தான் சொல்ல வேண்டும். 10,000 தையல்கள் கொண்ட ஒரு சின்னம் 30,000 பைட்டுகளுக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் அடங்கிவிடும். நிமிடத்துக்கு 800 தையல் என்னும் வேகத்தில் ஓடும் பொறி அதனை ஏறக்குறைய 13 நிமிடங்களில் தைத்து முடிக்கும்.

நூலின் குணம்

இனித் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோமாக. அச்சு மை தாளின் மேல் அமைதியாகப் படியும். நூல் அவ்வாறன்று. அது துணியைத் துளைத்து இழுக்கும். இரு கரைகளுக்கிடையே நெருங்க நெருங்கக் குறுக்கே செல்லும் சாட்டின் தையலில், ஒவ்வொரு குத்தும் கரைகளை உள்நோக்கி இழுக்கிறது. கோட்டின் இரு முனைகளையோ வெளிநோக்கித் தள்ளுகிறது. ஆகவே ஒரு வட்டத்தை வட்டமாகவே தைத்தால் நூல் செல்லும் திசையில் குறுகி நீள்வட்டமாகும். அதனை அறிந்தவர் அத்திசையில் சிறிது அகலம் கூட்டி, வட்டமல்லாததொரு வடிவையே கணிப்பொறியில் அமைப்பார். துணியில் அது வட்டமாகத் தோன்றும். எவ்வளவு கூட்டுவது என்பது துணியைப் பொறுத்தது. பின்னலாடை மிகுதியாக நெகிழும். தடித்த நெசவுத் துணி அவ்வளவு நெகிழாது.

மேலே தெரியும் தையலுக்கு முன் அடித்தையல் ஒன்று இட வேண்டும். அது துணியைப் பின்தாளோடு இறுக்கிப் பிடித்து, மேல்தையல் அமிழ்ந்து போகாமல் தாங்கும். வீட்டுக்கு அடித்தளம் போல அது கண்ணுக்குத் தெரியாது. இல்லாவிடில் மட்டும் தெரியும். தையல்களின் திசையும் கருதத்தக்கது. ஒரே நிற நூல் திசை மாறும்போது ஒளியை வேறு வகையாகத் திருப்பும். இலையின் இரு பாதிகளையும் இரு திசையில் தைத்தால் நடு நரம்பு தானே விளங்கும்.

தமிழெழுத்துக்கு இவ்விலக்கணத்தைப் பொருத்திப் பார்க்கலாம். வழக்கமான பூத்தையல் நூலின் தையல்கள் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும். எழுத்தின் கோடு தெளிவாக விழ ஒரு மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். ஆறு மில்லிமீட்டர் உயரமுள்ள ணகரத்தில் ஒரு சுழியின் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டர் எனக் கொண்டால், இருபுறக் கோடுகளும் இரண்டு மில்லிமீட்டரை விழுங்கிவிடும். எஞ்சிய அரை மில்லிமீட்டரை நூலின் பருமனே மூடிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பலவற்றில் நேர்கோடுகள் மிகுதி. அதே அளவில் அவை பிழைத்துக் கொள்ளும். சுழிகள் செறிந்த தமிழெழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும் கொள்ள வேண்டும், அல்லது சுழியைச் சற்றே விரித்து எழுத வேண்டும். இவற்றுள் ஒன்றும் செய்யாமல் அச்செழுத்தை அப்படியே தையலாக மாற்றினால் முடிச்சுத்தான் கிடைக்கும். பிழை பொறியினதன்று, எழுத்தையும் நூலையும் ஒருங்கே அறிந்தவர் இடையில் இல்லாததே காரணம்.

எழுதும் முறையும் இங்குண்டு. எழுத்தைப் படிப்பவருக்கு அது எங்கே தொடங்கியது என்பது தேவையில்லை. எழுதக் கற்கும் சிறுவனுக்குத் தேவை. பூத்தையலும் அத்தகையதே. தொடங்குமிடமும் முடியுமிடமும் நன்கு அமைந்தால் ஊசி ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு இயல்பாகச் செல்லும். அமையாவிடில் ஒவ்வொரு முறையும் நூலை அறுத்துத் தாவ வேண்டும், நேரம் வீணாகும், பின்புறம் முடிச்சுகள் பெருகும். தொப்பியின் முன்புறத்தில் நடுவிலிருந்து இருபுறமும், கீழிருந்து மேலாகவும் தைப்பர். வேறு வரிசையில் தைத்தால் துணி ஒதுங்கி நடுவே புடைக்கும்.

புதிய போக்குகள்

படத்தைக் கொடுத்ததும் தையல் வரிசையைத் தானே அமைக்கும் நிரல்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன. எளிய உருவங்களுக்கு அவை போதும். படங்களையும் அவற்றுக்குரிய தையல்களையும் இணை இணையாகக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்கும் முயற்சி இப்பொழுது வலுப்பெற்றுள்ளது. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பூத்தையல் போலத் தோன்றும் படத்தைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்து விடுகிறது. அப்படத்தில் தையல் ஒன்றுகூட இல்லை. பார்ப்பதற்குத் தையல், தைப்பதற்கு வெறும் படம். அதனைப் பொறிக்கு ஏற்றதாக்கும் வேலை பின்னரும் எஞ்சி நிற்கிறது.

விலை கொடுத்து வாங்க இயலாதவருக்கு உதவும் போக்கும் ஒன்றுண்டு. இங்க்ஸ்டிட்ச் என்னும் நிரல் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. தன்னார்வலர் பலர் கூடி அதனை வளர்த்து வருகின்றனர். பொறி ஒன்று கிட்டுமாயின், கல்விக் கூடங்களில் இக்கலையைச் சொல்லிக் கொடுக்க இது வழி திறக்கிறது.

சுவீடனின் கலரீல் நிறுவனம் வெள்ளை நூலைத் தைக்கும்போதே வேண்டிய நிறத்தில் தோய்க்கும் கருவியை 2010-களின் பிற்பகுதியில் உலகுக்குக் காட்டியது. பல நிறக் கண்டுகளை மாட்டாமல் ஒரே நூலில் நிறம் மெல்ல மெல்ல மாறுவதை அதனால் தைக்கலாம். மின்சாரம் கடத்தும் நூலைத் தைத்து ஆடையில் உணர்கருவி அமைக்கும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. ஜெர்மனியின் டிரஸ்டன் நகரத்து ஆய்வுக் கழகம் ஒன்றில் 1990-களில் வளர்ந்த முறைப்படி, பூத்தையற் பொறியைக் கொண்டே கரி இழைகளை வேண்டிய வளைவில் படியச் செய்து, எடை குறைந்த உறுதியான பொறியுறுப்புகளை ஆக்குகின்றனர். அழகுக்கெனப் பிறந்த பொறி வலிமைக்கும் பயன்படுகிறது. எல்லாவற்றிலும் வினா ஒன்றே: இழை எவ்வழியே செல்ல வேண்டும்?

கெபாயா சொல்லும் பாடம்

மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் இக்கலையின் மற்றொரு முகம் உண்டு. பெரானாக்கான் மகளிர் அணியும் கெபாயாவின் ஓரங்களில் முன்பு ஐரோப்பாவிலிருந்து வந்த பின்னல் சரிகையை இணைத்துத் தைத்தனர். தையல் இயந்திரம் பரவிய பின், மலாய் மொழியில் சுலாம் எனப்படும் பூத்தையலே ஆடையில் நேரே மலரத் தொடங்கியது. இயந்திரத்தின் பாதத்தை நீக்கி, துணியை நகர்த்தும் பற்களுக்கு வேலையில்லாமற் செய்து, வட்டச் சட்டத்தில் இறுக்கிய மெல்லிய துணியை இரு கைகளாலும் ஊசியின் கீழ் நகர்த்துவர். இயந்திரம் ஊசியை ஏற்றி இறக்குவதோடு சரி. வழி நடத்துவது கையே. தெபோக் லுபாங் என்னும் வேலையில், பூவின் உட்பகுதியைத் துளையாக்கி, ஓரத்தைத் தையலால் காத்து, பின்னல் சரிகை போன்ற தோற்றத்தை வரவழைப்பர். துணி எங்கே சுருங்குகிறது என்பதை விரல் உடனே உணர்ந்து, அடுத்த தையலிலேயே திருத்திக் கொள்ளும்.

புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ 2024-இல் கெபாயாவை மனித இனத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆடையை மட்டுமன்றி அதனை ஆக்கும் அறிவையும் திறனையும் சேர்த்தே அப்பட்டியல் குறிக்கிறது. இந்நிலையில், கணிப்பொறிப் பூத்தையல் கொண்ட கெபாயாக்கள் குறைந்த விலையில் விற்பனையாகின்றன. பலரும் வாங்கி உடுக்க அவை வழி செய்கின்றன என்பதை மறுத்தல் கூடாது. ஆயினும் பல நாள் உழைத்துக் கையால் நடத்தித் தைத்த ஆடை அவ்விலைக்கு ஈடுகொடுக்க இயலாது. அத்திறனைக் கற்க வரும் இளைஞர் குறைந்தால், கணிப்பொறிக்கு நல்ல வடிவம் அமைத்துத் தருவாரும் நாளடைவில் குறைவர். ஏனெனில் துணியின் குணத்தை விரலால் அறிந்தவரே திரையிலும் அதனை முன்னறிவர்.

எஞ்சி நிற்கும் அறிவு

ஹைல்மன் பொறி ஊசியைக் கையிலிருந்து வாங்கிக் கொண்டது. குரோப்ளியின் பொறி நூல் கோத்த குழந்தைகளின் வேலையைப் பெரிதும் குறைத்தது, அது போற்றத்தக்கதே. துளையட்டை பாண்டோகிராப் ஆளை விடுவித்தது. இன்று கணிப்பொறி, வடிவம் அமைப்பவரின் வேலையிற் பங்கு கேட்கிறது. சலிப்பூட்டும் வேலையைப் பொறி ஏற்பதில் பிழையில்லை. ஆனால் முன்னைய ஒவ்வொரு மாற்றத்திலும், நூலின் குணம் அறிந்த ஒருவர் அடுத்த படியில் இடம் பெற்றார். தைத்தவரே படம் வரைந்தார், படமறிந்தவரே துளையிட்டார். இப்பொழுது அத்தொடர்ச்சி அறுபடக் கூடும். ஒரு முறையும் தைத்துப் பாராதவர் பொத்தானை அழுத்திப் பெறும் வடிவத்தில் பிழை நேர்ந்தால், அது ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்வாரில்லை.

இதற்கு மாற்று எளியது. வடிவம் எத்துணை விரைவாக அமைந்தாலும், அதே வகைத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்த்து, பிழை கண்டு திருத்திய பின்னரே பொறியை ஓட விடுதல் வேண்டும். தொழில் கற்பவருக்கு அம்மாதிரித் துணியே பாடநூல். தமிழெழுத்துப் பொறித்த சின்னம் செய்விக்கும் பள்ளிகளும் மன்றங்களும் திரையிற் காட்டும் படத்தோடு நிறைவுறாமல், தைத்த மாதிரியைக் கேட்டு வாங்கிச் சுழிகளை எண்ணிப் பார்த்தல் நன்று. ணகரத்துக்குச் சுழி மூன்று. அவை மூன்றும் துணியில் திறந்திருந்தால், அச்சின்னத்தை அமைத்தவர் எழுத்தையும் அறிந்தவர், நூலையும் அறிந்தவர் என்று துணியலாம்.